கணவாயின் சிறுநீர் இதயத்தில் தொடங்குகிறது

வெள்ளவத்தை மார்க்கெட்டில் ஊசிக் கணவாய் வாங்குகிற பலர் அதை அங்கேயே துப்புரவாக்கித் தரச் சொல்வார்கள். மீன்காரர் ஒரு கையால் உடலையும் மறு கையால் தலையையும் பிடித்து ஒரே இழுவையாக இழுப்பார். தலையோடு சேர்ந்து வெள்ளையும் பழுப்புமாக ஒரு பிடி உள்ளுறுப்பு வெளியே வரும். மைப்பை உடையாமல் வந்தால் ஆளுக்குத் தொழில் தெரியும் என்று அர்த்தம். அந்த ஒரு பிடி நேரே வாளிக்குள் போய்விடும். கணவாய் தன் குருதியை எப்படி வடிகட்டுகிறது, சிறுநீரை எப்படி உண்டாக்குகிறது என்ற கேள்விக்கான விடையும் அதோடு சேர்ந்து வாளிக்குள் போகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கணவாய் பீச்சும் மை அதன் சிறுநீர் இல்லை. மையில் இருப்பது மெலனின்; நம்முடைய தலைமயிரைக் கறுப்பாக்கும் நிறப்பொருளும் அதே வகைதான். அதற்கென்று ஒரு சுரப்பி, ஒரு பை, மலக்குடலின் முனையோடு போய்ச் சேரும் ஒரு குழாய் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. சிறுநீருக்கும் மைக்கும் உள்ள ஒரே உறவு, இரண்டும் கடைசியில் உடலுறைக்கு உள்ளே இருக்கும் ஒரே அறையில் வந்து விழுந்து, புனல் போன்ற குழாய் வழியாகக் கடல்நீரோடு வெளியேறுவதுதான். மை ஆபத்து வந்தால் மட்டும். சிறுநீர் நாள் முழுக்க, யாருக்கும் தெரியாமல்.

தலையை இழுக்காமல், கணவாயை மல்லாக்கப் போட்டு வயிற்றுப் பக்கத்தைக் கத்தரிக்கோலால் நீளமாக வெட்டித் திறந்தால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு பக்கமும் இறகு வடிவில் இரண்டு செவுள்கள். ஒவ்வொரு செவுளின் அடியிலும் வெளிறிய சிறு உருண்டை ஒன்று: செவுள் இதயம். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கோணலாகக் கிடப்பது பெரிய இதயம். நடுக்கோட்டில் மலக்குடல், அதன் கீழே வெள்ளி மினுக்கத்தோடு மைப்பை. மலக்குடலின் இரு புறமும் உற்றுப் பார்த்தால் மிகச் சிறிய இரண்டு காம்புகள் தெரியும். அவைதான் சிறுநீர் வெளிவரும் துவாரங்கள். அவற்றுக்குப் பின்னால், கண்ணாடிபோல் மெல்லிய சுவருள்ள பை சிறுநீரகப் பை. அன்று பிடித்த கணவாயில்தான் இதெல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஐஸில் நாலு நாள் கிடந்து பேலியகொடை மீன்சந்தைக்கு வந்ததில் பையும் இல்லை, சுவரும் இல்லை, எல்லாம் ஒரே கூழ்.

'கணவாய்க்கு இரண்டு சிறுநீரகப் பைகள் உண்டு' என்று ஒரு வரி எழுதிவிட்டு நரம்புத் தொகுதிக்குத் தாவிவிடுவது பாடக்குறிப்புகளின் வழக்கம். பொய் இல்லை. ஆனால் அதை வாசிக்கிற பிள்ளை, குருதி அந்தப் பைக்குள் வடிகட்டப்படுகிறது என்றுதான் நினைக்கும். அங்கேதான் கதை பிழைக்கிறது. வடிகட்டல் நடப்பது பையில் இல்லை, செவுள் இதயத்தில். பை அதற்குப் பின்னால் வருகிற பதப்படுத்தும் இடம். கழிவு நைதரசனில் பெரும்பங்கு வெளியேறுவதோ செவுள் வழியாக. அதாவது, நமக்குச் சிறுநீரகம் என்ற ஓர் உறுப்பு செய்கிற வேலையைக் கணவாய் மூன்று இடத்தில் பிரித்துச் செய்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பின்தொடர்ந்தால் போதும்: அழுத்தம் எங்கே இருக்கிறது?

மூன்று இதயம் என்பது பொது அறிவுப் போட்டிகளுக்குப் பிடித்த கேள்வி. ஏன் மூன்று என்று யாரும் கேட்பதில்லை. நத்தை, மட்டி போன்ற மற்ற மெல்லுடலிகளில் குருதி பாதி வழி குழாயிலும் மீதி வழி இழையங்களுக்கு இடையில் உள்ள வெளிகளிலும் நிதானமாக ஊர்ந்து போகும். அவற்றின் வாழ்க்கை வேகத்துக்கு அது போதும். கணவாயும் அதன் உறவான ஒக்டோபஸும் வேட்டைக்காரர்கள். பாய்ந்து பிடிக்க வேண்டும், ஓடித் தப்ப வேண்டும். அதனால் இவற்றின் குருதி நம்முடையதைப் போலவே முற்றிலும் குழாய்களுக்குள் ஓடுகிறது. உடலெங்கும் சுற்றிவிட்டு நாளங்கள் வழியே திரும்பும் குருதியில் அழுத்தம் ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்கும். அந்த நிலையில் செவுளின் நுண்குழாய்களுக்குள் புகுந்து போக அதற்கு வலு இல்லை. ஆகவே ஒவ்வொரு செவுளின் வாசலிலும் ஒரு தள்ளும் பம்பு: செவுள் இதயம். செவுளில் ஒட்சிசனை ஏற்றிக்கொண்டு வரும் குருதியை நடுவில் இருக்கும் பெரிய இதயம் வாங்கி உடலுக்கு அனுப்புகிறது.

வடிகட்டுவதற்கும் அழுத்தம் வேண்டும். குருதியை ஒரு நுண்ணிய சுவரோடு சேர்த்து அழுத்தினால்தான் நீரும், உப்புகளும், குளுக்கோஸ் போன்ற சிறிய மூலக்கூறுகளும் மறுபக்கம் கசியும். புரதங்களும் கலங்களும் உள்ளேயே நிற்கும். நம் உடலில் இந்த வேலை ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் கலன்கோளங்களில், அதாவது நுண்ணிய குருதிக்குழாய்ச் சுருள்களில், நடக்கிறது. இதயத்திலிருந்து வரும் நாடி நேரே சிறுநீரகத்துக்குக் கிளை விடுவதால் அங்கே அழுத்தத்துக்குக் குறைவில்லை. நாம் அழுத்தத்தைக் குழாய் போட்டு வடிகட்டி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறோம். கணவாயோ வடிகட்டியைக் கொண்டுவந்து பம்பிலேயே பொருத்தி வைத்திருக்கிறது.

அந்த வடிகட்டிதான் செவுள் இதயத்தில் தொங்கும் சிறு ஒட்டுறுப்பு. பெரிய கணவாயில் வெறும் கண்ணுக்கே தெரியும். உருண்டையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன மொட்டு. அதன் உள்ளே மடிப்பு மடிப்பான குருட்டு வழிகள். அவை செவுள் இதயத்தின் உட்குழியோடு திறந்திருக்கின்றன. இதயம் சுருங்கும்போதெல்லாம் குருதியின் ஒரு சிறு பங்கு இந்த வழிகளுக்குள் நெருக்கப்படுகிறது. வழிகளின் மறுபக்கம் இதயத்தைச் சூழ்ந்திருக்கும் உடற்குழி. இரண்டுக்கும் இடையில் உள்ள சுவரைத் தாண்டிக் கசிவதுதான் முதல் சிறுநீர்.

அந்தச் சுவரை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் கண்டது ஒரு பழைய நண்பரை. நம் கலன்கோளத்தில் மயிர்க்குழாய்களைச் சுற்றிப் பாதங்களை விரித்து நிற்கும் போடோசைட் என்ற கலங்கள் உண்டு. ஒரு கலத்தின் பாதங்களும் பக்கத்துக் கலத்தின் பாதங்களும் விரல் கோத்தபடி நிற்க, இடையில் நூலிழை அகலத்துக்கு இடுக்குகள் விட்டிருக்கும். இடுக்குகளின் குறுக்கே மெல்லிய சவ்வு. அதே வகைக் கலங்கள், அதே இடுக்குகள், அவற்றுக்கு அடியில் அதே மாதிரி ஓர் அடித்தளப் படலம், எல்லாம் ஒக்டோபஸின் செவுள் இதய ஒட்டுறுப்பிலும் இருக்கின்றன. நமக்கும் ஒக்டோபஸுக்கும் பொதுவான மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. கண்ணைப் பற்றி இந்த ஒற்றுமையை எல்லோரும் பேசுவார்கள். சிறுநீரைப் பற்றிப் பேச ஆளில்லை, எனக்கு இதுதான் அதைவிட ஆச்சரியமாகப் படுகிறது.

சரி, இந்த வடிகட்டி எதைத் தடுத்து நிறுத்த வேண்டும்? இங்கேதான் நீலக் குருதி வருகிறது. நம் குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுக்குள் பத்திரமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. கணவாய்க் குருதியில் அந்த வேலையைச் செய்யும் ஹீமோசயனினுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. செம்பைத் தாங்கிய இந்தப் புரதம் குருதித் திரவத்திலேயே கரைந்து மிதக்கிறது. வடிகட்டியில் அழுத்தம் கொடுக்கும்போது அது வெளியே போய்விடக் கூடாது அல்லவா? ஹீமோகுளோபின் அணுவுக்கு வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலேரியாவே சாட்சி. கடும் மலேரியாவில் சிவப்பணுக்கள் பெருமளவில் உடைந்து, ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்கி அதைக் கறுப்பாக்கிவிடும், சிறுநீரகமும் பழுதாகும். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயைக் கண்ட தீவு இது. 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

ஹீமோகுளோபினின் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 64,000 டால்டன். ஒக்டோபஸின் ஹீமோசயனினோ 35 இலட்சம் டால்டன் அளவு. ஐம்பது மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய உருவம் போடோசைட் இடுக்கில் நுழையாது. அதோடு இன்னொரு இலாபமும் உண்டு. கரைந்திருக்கும் புரத மூலக்கூறுகள் நீரைத் தம் பக்கம் இழுத்துப் பிடிக்கும்; வடிகட்டும் அழுத்தத்துக்கு எதிராக வேலை செய்யும் இழுவை அது. அந்த இழுவை மூலக்கூறுகளின் பருமனைப் பொறுத்தது அல்ல, எண்ணிக்கையைப் பொறுத்தது. அதே அளவு புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாகக் கரைத்து வைத்திருந்தால் எண்ணிக்கை கூடி, இழுவையும் கூடி, கணவாயின் மிதமான குருதி அழுத்தத்தால் எதையும் கசியவைக்க முடியாமல் போயிருக்கும். சில பெரிய மூலக்கூறுகளாகச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதால் வடிகட்டல் சாத்தியமாகிறது. ஒட்சிசன் போக்குவரத்துப் பாடத்தில் வருகிற ஹீமோசயனின் கழிவகற்றல் பாடத்துக்கும் உரியது என்று சொல்வது இதனால்தான்.

உடற்குழிக்குள் கசிந்த திரவம் இன்னும் சிறுநீர் ஆகவில்லை. புரதத்தைக் கழித்துவிட்டால் அது குருதியேதான். உடலுக்கு வேண்டிய குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் அதில் அப்படியே இருக்கின்றன. அலுமாரியைத் துப்புரவாக்க இறங்கினால் எல்லாவற்றையும் கட்டிலில் அள்ளிப் போட்டுவிட்டு வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குவோமே, வடிகட்டும் சிறுநீரகங்கள் எல்லாம் அந்த வழிதான். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் வடித்து, ஒன்றரை லீற்றர் போல வெளியே விட்டு, மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. எது நஞ்சு என்று முன்கூட்டியே அடையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, திரும்ப அழைக்கப்படாதது வெளியே போய்விடும்.

ஒக்டோபஸில் இந்தத் திரும்ப எடுக்கும் வேலை, உடற்குழியையும் சிறுநீரகப் பையையும் இணைக்கும் ஒடுங்கிய கால்வாயிலேயே தொடங்கிவிடுகிறது. கால்வாயின் உட்சுவர் மடிப்பு மடிப்பானது. குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் வழியிலேயே உறிஞ்சப்பட்டுக் குருதிக்குத் திரும்புகின்றன. மீதி பைக்குள் வந்து சேர்கிறது.

பைக்குள் காட்சி வேறு. உடலிலிருந்து செவுள் இதயத்துக்குத் திரும்பும் இரண்டு பெரிய நாளங்கள் இந்தப் பைகளின் ஊடாகத்தான் போகின்றன. அந்த இடத்தில் நாளத்தின் சுவர் வெளிப்பக்கமாகக் கொத்துக் கொத்தாகப் புடைத்துப் பைக்குள் தொங்குகிறது. சிறுநீரக ஒட்டுறுப்புகள் என்பவை இவை. உள்ளே நாளக் குருதி, வெளியே சிறுநீர், இடையில் ஒரு கலப்படை. அந்தக் கலங்கள் குருதியிலிருந்து சில பொருட்களைத் தேர்ந்து எடுத்துச் சிறுநீருக்குள் தள்ளுகின்றன. உயிருள்ள கணவாயில் இந்தக் கொத்துகள் தாமாகச் சுருங்கி விரியும். உள்ளே குருதி முன்னால் தள்ளப்படும், வெளியே சிறுநீர் கலக்கப்படும்.

வரிசையைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். குருதி முதலில் பையின் ஊடாகப் போகிறது, பிறகுதான் செவுள் இதயத்துக்குப் போய் வடிகட்டப்படுகிறது. வடிந்த திரவமோ வந்த வழியே பின்னோக்கிப் பைக்கு வருகிறது. அதாவது குருதி ஒரு திசையிலும் சிறுநீர் எதிர்த்திசையிலும் போய், பையில் சந்தித்துக்கொள்கின்றன. நம் சிறுநீரகத்தில் வடிகட்டல் முதலில், சுரத்தல் பிறகு. இங்கே ஒரே குருதி சுரத்தலை முடித்துக்கொண்டு வடிகட்டலுக்குப் போகிறது.

இதையெல்லாம் ஊகமாகச் சொல்லாமல் அளந்து சொன்னது அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் மார்ட்டினும் ஹரிசனும். 1965இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக்குப் பசிபிக்கின் இராட்சத ஒக்டோபஸ் உதவியது. கொழும்புக் கடலில் கிடைக்கும் ஒக்டோபஸை வைத்து இந்த வேலையைச் செய்திருந்தால் கண் பூத்திருக்கும். இராட்சத ஒக்டோபஸில் சிறுநீர்க் காம்புக்குள் மெல்லிய குழாய் செருகலாம், உடற்குழியிலிருந்தும் பையிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுக்கலாம்.

அவர்கள் பயன்படுத்திய தந்திரப் பொருட்களில் முக்கியமானது இனுலின். இன்சுலின் இல்லை, இனுலின். தாவரக் கிழங்குகளில் கிடைக்கும் ஒரு மாப்பொருள். இதைக் குருதியில் ஏற்றினால் வடிகட்டியில் தாராளமாகக் கசியும், ஆனால் யாரும் திரும்ப உறிஞ்சவும் மாட்டார்கள், கூடுதலாகச் சுரக்கவும் மாட்டார்கள். ஆகவே அது எங்கே முதலில் தோன்றுகிறதோ அங்கே வடிகட்டல் நடக்கிறது என்று அர்த்தம். செவுள் இதயத்தைச் சூழ்ந்த உடற்குழித் திரவத்தில் அது தோன்றியது. குளுக்கோஸ் கதை மறுபக்கம்: உடற்குழியில் இருந்தது, வெளிவரும் சிறுநீரில் காணோம். குளுக்கோஸ் உறிஞ்சலைத் தடுக்கும் புளோரிசின் என்ற பொருளைக் கொடுத்தபோது அது சிறுநீரில் தென்பட்டது. பினோல் சிவப்பு என்ற சாயம், பைக்குள் தொங்கும் கொத்துகளால் குருதியிலிருந்து இழுத்தெடுக்கப்பட்டுச் சிறுநீரில் செறிவாகச் சேர்ந்தது. வடிகட்டல், மீளுறிஞ்சல், சுரத்தல். உயர்தர உயிரியல் மாணவர்கள் மனித சிறுநீரகத்துக்காகப் பாடமாக்கும் மூன்றும் முதுகெலும்பில்லாத ஒரு பிராணியில் வேறு வேறு இடங்களில், ஒவ்வொன்றாகத் தொட்டுக்காட்டக்கூடிய மாதிரி விரிந்து கிடக்கின்றன. ஆசிரியர்கள் யாராவது இதை வகுப்பில் பயன்படுத்தினால் நல்லது.

இந்தக் குடும்பத்தில் பழைய பாணியை விடாத ஒருவரும் உண்டு: ஓட்டுக்குள் வாழும் நோட்டிலஸ். அதற்குச் செவுள் நான்கு, சிறுநீரகப் பையும் நான்கு, செவுள் இதயம் இல்லை. வடிகட்டி உண்டு, ஆனால் அது கசியவிடும் திரவம் பைக்குப் போவதே இல்லை. உடற்குழியிலிருந்து தனித் துவாரம் வழியாக நேரே வெளியே போய்விடுகிறது. பைகளின் வேலை வேறு. அவற்றின் ஒட்டுறுப்புகளில் கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த சிறு கற்கள் நிறைந்திருக்கும். மனிதருக்கு இருந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். நோட்டிலஸுக்கு அது இயல்பு நிலை.

அமோனியாவுக்கு வருவோம். கணவாய் சுத்த மாமிசம். மீன், இறால், நண்டு. மாப்பொருளும் கொழுப்பும் அதன் சாப்பாட்டில் குறைவு, சக்திக்கே புரதத்தைத்தான் எரிக்கிறது. புரதம் எரிந்தால் அமோனியா வரும். நம் ஈரல் சக்தியைச் செலவழித்து அதை யூரியாவாக மாற்றுகிறது, ஏனென்றால் தரையில் வாழும் நமக்குக் கழிவைக் கொஞ்ச நேரம் உடலில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சுற்றிலும் கடல் இருக்கிற கணவாய்க்கு அந்தச் செலவு தேவையில்லை. அமோனியாவை அமோனியாவாகவே விட்டுவிடுகிறது.

எங்கே விடுகிறது என்பதில்தான் சிறுநீரகத்தின் பெருமை கொஞ்சம் குறைகிறது. இராட்சத ஒக்டோபஸில் செவுளுக்குள் போகும் குருதியையும் வெளியே வரும் குருதியையும் ஒப்பிட்டபோது, போகும் குருதியில் இருந்த அமோனியாவில் கணிசமான பங்கு வரும் குருதியில் இல்லை. பெரும்பங்கு செவுளிலேயே கடலுக்குள் இறங்கிவிடுகிறது. செவுளின் கலங்களில் அமோனியாவைக் கடத்துவதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. அவை நம் சிவப்பணுக்களின் மேல் இருக்கும் றீசஸ் புரதங்களின் உறவினர். குருதி வகைக்குப் பின்னால் 'பொசிடிவ்', 'நெகட்டிவ்' என்று எழுதுகிறோமே, அதே குடும்பம்.

சிறுநீரில் அமோனியா இல்லை என்று இல்லை. செறிவைப் பார்த்தால் குருதியைவிட அதிகம்தான். சிறுநீர் அமிலத்தன்மை உள்ளது. அமோனியா அதற்குள் வந்ததும் ஐதரசன் அயனைப் பிடித்துக்கொண்டு அமோனியம் ஆகிவிடும். மின்னேற்றம் பெற்ற அமோனியத்தால் கலமென்சவ்வை இலகுவில் தாண்டித் திரும்ப முடியாது. பொறிக்குள் மாட்டியதுதான். ஆனால் சொட்டுச் சொட்டாக வரும் சிறுநீரின் அளவோடு, செவுளைத் தாண்டும் குருதியின் அளவை ஒப்பிட்டால் மொத்தக் கணக்கில் செவுளே வெல்லும்.

அப்படியானால் இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? பெரும்பாலும் உப்புகளுக்காக என்று சொல்லலாம். கணவாய்க் குருதியின் மொத்தச் செறிவு கடல்நீரின் செறிவேதான், ஆனால் சேர்மானம் ஒன்றல்ல. குறிப்பாகச் சல்பேற்று கடல்நீரில் உள்ளதைவிடக் குருதியில் நன்றாகக் குறைவு, பொற்றாசியம் அதிகம். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற, ஓயாமல் உள்ளே கசியும் சல்பேற்றை ஓயாமல் வெளியே தள்ள வேண்டும். அது பையின் வேலை.

இந்தப் பையில் குடியிருப்பவர்களைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒக்டோபஸ், ஓட்டுக் கணவாய் போன்று கடலடியோடு வாழும் இனங்களின் சிறுநீரகப் பையிலிருந்து ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால், நூல்போல நெளியும் சின்னஞ்சிறு பிராணிகள் பெரும்பாலும் தெரியும். டைசியமிட் என்று பெயர். நீளம் பொதுவாகச் சில மில்லிமீற்றர். வாய் இல்லை, குடல் இல்லை, நரம்பு இல்லை, உறுப்பு என்று சொல்ல எதுவுமே இல்லை. முழு உடலும் சில பத்துக் கலங்கள் மட்டும். பல இனங்களில் நாற்பதைத் தாண்டாது. நடுவில் நீளமாக ஒரே ஒரு கலம், அதைச் சுற்றிப் பிசிர் உள்ள கலங்களின் ஒற்றைப் போர்வை. குஞ்சுகள் அந்த நடுக்கலத்துக்கு உள்ளேயே வளர்கின்றன, கலத்துக்குள் குழந்தை. தலைமுனையை நாளக் கொத்தின் மடிப்புகளில் செருகிக்கொண்டு, சிறுநீரில் கரைந்திருப்பதை உறிஞ்சி வாழ்கின்றன.

1876இல் எடுவார் வான் பெனெடன் இவற்றை ஒருகல உயிர்களுக்கும் பலகல விலங்குகளுக்கும் இடையிலான படி என்று எண்ணி 'மீசோசோவா' என்ற தனிப் பிரிவையே ஏற்படுத்தினார். மரபணுக்கள் பிறகு வேறு கதை சொல்லின. இவை ஏறி வந்தவை அல்ல, இறங்கி வந்தவை. சிக்கலான உடல் கொண்ட மூதாதையரிடமிருந்து தோன்றி, எல்லாம் தயாராகக் கிடைக்கும் இந்த வீட்டில் ஒவ்வொரு உறுப்பாகக் கைவிட்டவை. பை நெரிசலாகும்போது இனப்பெருக்க முறை மாறி வேறு வகைக் குஞ்சுகள் பிறக்கும்; அவை சிறுநீரோடு வெளியேறிக் கடலில் இறங்கும். கணவாய்க்கு இவற்றால் பெரிய கெடுதல் இருப்பதாகத் தெரியவில்லை. வாடகை இல்லாக் குடி, அவ்வளவுதான்.

ஆழ்கடலில் அமோனியாவையே முதலாக்கிய கூட்டம் ஒன்றும் இருக்கிறது. கண்ணாடிக் கணவாய்கள் என்று அழைக்கப்படும் இவற்றின் உடல் முக்கால்வாசி ஒளிபுகும். வேறு கணவாய்களில் வடிதிரவம் தங்கும் அதே உடற்குழி, இவற்றில் பிரமாண்டமாக ஊதிப்போய் உடல் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அந்தத் திரவமே பிடித்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுகூடத்தில் எரிக் டென்டனும் கூட்டாளிகளும் 1950களிலும் 60களிலும் அதைப் பகுத்துப் பார்த்தபோது, கடல்நீரில் சோடியம் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் அமோனியம் இருந்தது. அமோனியம் குளோரைட்டுக் கரைசல் அதே செறிவுள்ள உப்புக் கரைசலைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே உடல் மிதக்கும், நீந்தாமலே தண்ணீரின் நடுவில் நிற்கலாம். திரவம் அமிலமாக வைக்கப்பட்டிருப்பதால் அமோனியம் நஞ்சாகக் குருதிக்குத் திரும்புவதில்லை. இராட்சதக் கணவாய் இதையே தன் தசைகளுக்குள் செய்கிறது. செத்த இராட்சதக் கணவாய்கள் கடல்மட்டத்தில் மிதந்து கிடைப்பதும், அதன் இறைச்சியை ஆசைக்குச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்ததும் இதனால்தான். பிரட்டல் கறிக்கு நாம் வாங்கும் இனங்கள் தசை வலுவால் நீந்துகிறவை. அவற்றுக்கு இந்தப் பழக்கம் கிடையாது.

இவ்வளவு திறமை இருந்தும் ஒன்று மட்டும் இந்தக் குடும்பத்துக்குக் கைவரவில்லை: நன்னீர். உலகத்தில் எந்த ஆற்றிலும் எந்தக் குளத்திலும் கணவாயோ ஒக்டோபஸோ இல்லை. களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரப் பக்கம், நாரா என்ற நீர்வள ஆய்வு நிறுவனம் இருக்கிற காக்கைத்தீவுக் கரையில், தென்மேல் பருவமழைக் காலத்தில் செம்மண் நிறத்தில் ஆற்றுநீர் கடலுக்குள் நெடுந்தூரம் நாக்கு நீட்டுவதைப் பார்க்கலாம். கணவாயை அந்த நீருக்குள் விட்டால் தாங்காது. குருதியைவிட வெளிநீர் ஐதாக இருக்கும்போது நீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். பிழைக்க வேண்டுமானால் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு வெறும் நீரை ஐதான சிறுநீராக வெளியேற்றத் தெரிய வேண்டும். கணவாயின் கால்வாயும் பையும் குளுக்கோஸை மீட்கும், சாயத்தைத் தள்ளும், சல்பேற்றைக் கழிக்கும். ஆனால் கடைசியில் வெளிவரும் சிறுநீர் குருதியின் மொத்தச் செறிவிலேயே நிற்கிறது.

பேரே வாவியிலோ தியவன்னாவிலோ கல்லில் ஒட்டி ஊரும் நத்தையும் மெல்லுடலிதான். அதன் சிறுநீரும் இதயத்தில்தான் தொடங்குகிறது. குருதி இதயச் சுவரினூடாக இதயத்தைச் சூழ்ந்த குழிக்குள் கசிந்து, அங்கிருந்து சிறுநீரகத்துக்குப் போகும். இது மெல்லுடலிகளின் பொதுவான பழைய திட்டம். நன்னீருக்கு வந்த நத்தைகளும் மட்டிகளும் அந்தத் திட்டத்தின் பின்பாதியில், உப்பைச் சளைக்காமல் திரும்ப உறிஞ்சும் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டன. கணவாய்க் குடும்பம் முன்பாதியில்தான் முதலீடு செய்தது: தனிப் பம்பு, நேர்த்தியான வடிகட்டி, பெரிய புரதம். அமெரிக்காவின் செசப்பீக் விரிகுடாவில் வாழும் ஒரு சின்னக் கணவாய் மட்டும் கடலின் பாதி உப்பு உள்ள நீர் வரை தாக்குப்பிடிக்கிறது. அதுவும் தன் குருதியை வெளிநீரோடு சேர்த்து ஐதாக விட்டுக்கொடுத்துத்தான். சிறுநீரை ஐதாக்கி அல்ல.